பூனையிடம் சொல்லவும்

ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து. அதுவும் முழு எழுத்துகூட இல்லை, தலையில் புள்ளி வைத்த அரை எழுத்து. அதற்காக யாராவது கொட்டுகிற மழையில் நூலக வாசலில் முக்காலி போட்டு ஏறி நிற்பார்களா?

அவள் நின்றாள்.

கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் 'போர்கால அஞ்சலட்டைகள் கண்காட்சி' என்று அச்சாகி வந்திருந்தது. 'போர்' என்பதற்கும் 'கால' என்பதற்கும் நடுவே ஒரு 'க்' இல்லை. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "யாரு கவனிக்கப் போறா, விடும்மா" என்றார் நூலகர். விடுகிற ஆளா அவள்? வார்த்தைக்கும் வார்த்தைக்கும் இடையே வந்து நிற்கிற அந்த அரை எழுத்துக்கு இலக்கணத்தில் ஒற்று என்று பெயர். யார் எழுத்தில் அது விடுபட்டாலும் இவளுக்குச் சோறு இறங்காது. அதனால் நூலகத்தில் அவளுக்கே 'ஒற்று' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவன் அனுப்பிய செய்தியில் 'பள்ளி' பல்லியாகி இருந்ததால் அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றவள் அவள். அவளுடைய அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள்.

கறுப்பு மார்க்கர் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, 'க்' போடக் கையைத் தூக்கினாள்... அவ்வளவுதான். தெருவிலிருந்து தலையைக் குனிந்தபடி ஓடி வந்த ஒருவன் நேராக முக்காலியில் மோதினான். அவள் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க, பேனா அவன் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்கு மேலே ஒரு புள்ளியும் வைத்துவிட்டுக் கீழே விழுந்தது.

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?"

"தரையில இருந்துச்சு. மனுஷங்க அங்கதானே நடப்பாங்க? அந்தரத்துல ஒருத்தர் நிப்பாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல."

திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தவள் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். தலை முதல் கால்வரை தெப்பலாக நனைந்திருந்தான். இமை மயிரில் தண்ணீர் சொட்டி நின்றது. நல்ல மழைக்கோட்டு ஒன்று அவனிடம் இருக்கத்தான் செய்தது... அதை அவன் போட்டிருக்கவில்லை. கையிலிருந்த தகரப் பெட்டிக்குச் சுற்றியிருந்தான்.

"மழைக்கோட்டு மனுஷங்க போட்டுக்கறதுன்னு நினைச்சேன்" என்றாள்.

"நான் நனைஞ்சா காஞ்சுடுவேன். இது நனைஞ்சா போச்சு."

அவன் அண்ணாந்து அறிவிப்பைப் படித்தான். பிறகு தன் சட்டையைப் பார்த்தான்.

"அந்த எழுத்து இல்லாட்டி என்ன ஆகும்?"

"பிழையாகும்."

"போர் நின்னுடுமா?"

இதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்க முடியாமல்தான் போனாள், ஆனால் அது அவனுக்குத் தெரியக் கூடாதே.

உள்ளே மேசை விளக்கடியில் பெட்டியைத் திறந்தான். ஒரு கட்டு அஞ்சலட்டைகள். கட்டியிருந்த ரப்பர் இற்றுப்போய் அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. ஊரில் யாரிடமெல்லாம் பழைய போர்க்காலக் கடிதங்கள் இருக்கின்றனவோ, அவற்றை வாங்கிப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டுவது, அசலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது, இதுதான் நூலகத்தின் ஏற்பாடு. படமெடுப்பதும், மங்கிய எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்வதும் அவள் பொறுப்பு.

"எங்க பெரியப்பா போர்முனைல இருந்து எழுதினது" என்றான். "எல்லாம் எங்கப்பா பேருக்கு வந்த கார்டு. அப்ப அப்பா ஸ்கூல் பையன். போன வருஷம் அப்பாவும் போயிட்டார், பெட்டி என் கைக்கு வந்துடுச்சு. நான் கப்பல்ல இன்ஜின் ரூம் வேலை. லீவு முடியறதுக்குள்ள இதை நாலு பேர் பார்க்கற மாதிரி ஒரு இடத்துல சேர்த்துடணும்."

அவள் முதல் அட்டையை விரல் நுனியால் எடுத்தாள். 'நலம். நலமறிய ஆவல். இங்கே குளிர் அதிகம். அப்பாவின் இருமல் எப்படி? பூனை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? இளைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மற்றவை நேரில்.' அடுத்த அட்டையிலும் பூனை. 'பூனை தையல் வகுப்புக்கு...' அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தாள். ஆமாம், 'பூனை தையல் வகுப்புக்குப் போகிறதா?'

"உங்க பெரியப்பாவுக்கு மூளை... இல்ல, பூனைன்னா ரொம்ப இஷ்டமோ?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "எங்க வீட்ல பூனையே வளர்த்ததில்ல."

"பின்னே?"

"கார்டுன்னா தபால்காரர் படிப்பார். பட்டாளத்துல இதுக்குன்னே ஒரு ஆபீசர் உக்காந்து படிப்பார். வீட்டுக்கு வந்தா எங்க தாத்தா நடுக்கூடத்துல நின்னு எல்லாருக்கும் உரக்கப் படிப்பார். இதுல நிச்சயம் பண்ணின பொண்ணை எப்படி விசாரிக்கறது? அவங்க பக்கத்து வீடு. அவங்களுக்குப் பூனைக் கண்ணு. அதான்... தாத்தா 'பூனை சாப்பிடுகிறதா'ன்னு படிச்சா, சுவத்துக்கு அந்தப் பக்கம் டம்ளர் உருள்ற சத்தம் கேக்குமாம்."

அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். "அப்புறம் கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

"நடக்கல" என்றான். "காணவில்லைன்னு ஒரு தந்தி வந்துச்சு. அதோட சரி. அவங்க வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்க அப்பா அம்மா காலத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. கல்யாணம் ஆகாமலே எனக்குப் பெரியம்மா. என்னை வளர்த்து ஆளாக்கினது அவங்கதான்."

கட்டின் அடியில் கடைசி அட்டை இருந்தது. அதில் மட்டும் 'மற்றவை நேரில்' இல்லை. 'இங்கே மழை. அங்கேயும் மழையா? பூனை நனையாமல் பார்த்துக்கொள். பூனையிடம் சொல்லவும். வரேன்.'

"இந்த ஒரு வார்த்தைதான் எங்க வீட்டுக்கு வந்த வினை" என்றான் அவன். குரல் மாறியிருந்தது. "வீட்டை விட்டுக் கிளம்பறவங்க யாராவது 'போறேன்'னு சொல்வாங்களா? 'வரேன்'னுதான் சொல்வாங்க. பால் போடறவர் சொல்றார், மீட்டர் பார்க்க வர்றவர் சொல்றார். அது சும்மா சொல்ற வரேன். பெரியம்மா அதை நெஜ வரேன்னு பிடிச்சுக்கிட்டு ஒரு ஆயுசையே வாசலைப் பார்த்து ஓட்டிட்டாங்க. நான் கப்பலுக்குக் கிளம்பறப்பகூட 'வரேன்'னா போதும், கேட்டுக்கு வெளிய வந்து தெருவே திரும்பிப் பார்க்கற மாதிரி 'வா'ன்னு கத்துவாங்க. மானம் போகும்."

மானம் போகும் என்று சொன்னவன் கண்ணில் ஈரம் இருந்தது. மழை ஈரம் அதற்குள் காய்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்து பெட்டியை மூடினான். "சரி, வரேன்" என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இது எந்த வரேன்?" என்று கேட்டாள். "சும்மா சொல்றதா?"

"நாளைக்குத் தெரியும்."

"பெட்டிய வச்சுட்டுப் போங்களேன்..."

"ஒரே நாள்ல எல்லாத்தையும் குடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம். தினம் கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வரேன்."

அத்தனை அட்டையும் ஒரு மத்தியானத்து வேலை. படமெடுக்கிற இயந்திரம் மேசைமேல் சும்மாதான் கிடந்தது. ஆனாலும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அதுவும் சரிதான்" என்றாள்.

அதன் பிறகு அவன் தினமும் வந்தான். சட்டைப் பையில் இரண்டு அட்டை, சில நாள் ஒன்றே ஒன்று. அவள் படமெடுப்பாள், படிப்பாள். அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரிக்குப் பின்னாலிருந்த கதையைச் சொல்வான். எந்த இருமல், எந்தக் கடன்காரச் சித்தப்பா, எந்த மரத்திலிருந்து அவன் அப்பா விழுந்தார்... எல்லாம் பெரியம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த கதைகள். அவள் அதையும் எழுதி அந்தந்த அட்டையோடு சேர்த்து வைத்தாள். வேலைதானே? வேலைக்காக ஒருத்தி காலையில் இரண்டு தடவை தலை வாரிக்கொள்வாளா என்று அவள் அம்மாதான் கேட்டாள்.

"ஒரு சந்தேகம்" என்பான். "நீங்க, நான்... ரெண்டையும் சேர்த்து எழுதினா நடுவுல ஒற்று வருமா?"

"வராது. 'ந' வல்லினம் இல்ல."

"நல்லதாப் போச்சு. நடுவுல யாரும் வேண்டாம்."

அவள் முகம் சிவந்ததை மறைக்கக் கணினித் திரைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். நூலகர் தூரத்திலிருந்து பொய்யாக இருமுவார். கிளம்பும்போது அவன், "வரேன்." அவள், "வாங்க." ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற இரண்டு சொல்தான். அவன் தெருமுனை திரும்பும்வரை அந்த 'வரேன்' மட்டும் அவள் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மழை இல்லாத நாளில்கூட வாசல் பக்கம் பார்த்தாள். மழை வந்தால் மழைக்கோட்டைத் தனக்குப் போட்டிருப்பானா, அட்டைக்குச் சுற்றியிருப்பானா என்று யோசித்தாள்.

கப்பல் கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை, கையெழுத்து என்று அவன் அலைந்த நாட்களில்தான் சுவரில் மாட்டும் பலகைகள் தயாராயின. மங்கிய அட்டையின் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் அவள் தட்டச்சு செய்தது. கடைசி அட்டைக்கு வந்ததும் அவள் கை நின்றது. 'வரேன்.' பேச்சு வழக்கு. அச்சில் பேச்சு வழக்குக் கூடாது என்பது நூலகத்தின் விதி. 'வருகிறேன்' என்று போட்டால் படிப்பவர்கள் அவர் திரும்பி வந்தார் என்று நினைப்பார்களே? அது சும்மா சொல்கிற வரேன் என்று அவனே சொன்னானே? ஒரு ஆயுசைத் தின்ற சொல் என்று அவன் கண் கலங்கினதை அவள் பார்த்தாளே? பொருள் மாறாமல், யாரையும் ஏமாற்றாமல், அழகாக ஒரு சொல் போட்டாள். 'விடைபெறுகிறேன்.' அவனுக்காகச் செய்த மாதிரி மனசுக்குள் ஒரு நிறைவு வேறு.

விதி யாரை விட்டது.

கண்காட்சி தொடங்கிய அன்று அவன் பெரியம்மாவைக் கைபிடித்து அழைத்து வந்தான். ஒல்லியான உருவம், நிமிர்ந்த நடை. கண்ணாடிக்குப் பின்னால் அந்த வெளிர்பழுப்புக் கண்கள்... 'பூனை' என்று நினைத்து அவளுக்கு மனசு இளகிற்று. கூடத்தில் நல்ல கூட்டம். பூனை வரிகளைப் படித்துச் சிரித்தார்கள். ஒரு பெண் தன் கணவனைக் கிள்ளி, "இப்படி ஒரு வரி எழுதியிருக்கீங்களா நீங்க?" என்றாள். பெரியம்மா ஒவ்வொரு பலகையாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். கடைசிப் பலகையில் விரல் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

"இதை யாரு எழுதினது?"

"நான்தாங்க தட்டச்சு பண்ணினேன்."

"அவர் இப்படிச் சொல்லலையே" என்றார் பெரியம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தெரியாத ஊரில் வழி தவறியவர் கேட்பதுபோல் இருந்தது அந்தக் குரல். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "வீட்டுக்குப் போகலாம்ப்பா."

அவரை வண்டியில் ஏற்றிவிட்டு அவன் திரும்பி வந்தான். முகம் கல்லாக இருந்தது.

"உங்களை யாரு மாத்தச் சொன்னது?"

"நீங்கதானே சொன்னீங்க, அது சும்மா சொல்ற வரேன்னு?"

"நான் உங்ககிட்ட சொன்னேன். ஊருக்குச் சொல்லல."

'உங்ககிட்ட.' வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சொல்லை அவள் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருப்பாள். இன்று கூடத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அச்சுல பேச்சு வழக்கு போட முடியாது. அர்த்தம் சரியாத்தான் இருக்கு. நான் பிழை பண்ணல."

"நீங்க எங்க பண்ணுவீங்க? பிழை எல்லாம் எங்களோடது" என்றான். மேசைமேல் இருந்த கடைசி அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசலில் ஒரு நொடி நின்றான். "போறேன்" என்றான்.

வரேன் இல்லை. போறேன்.

வழக்கம்போல் நாக்கு நுனிவரை வந்திருந்த 'வாங்க'வை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் நின்றாள். கதவு ஆடி அடங்கிற்று.

அதன் பிறகு அவன் வரவில்லை. அவள் அந்தப் பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கண்காட்சி பார்க்க வந்தவர்கள் "இங்க என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்கள். "மழையே இல்ல, எதுக்கும்மா வாசலையே பார்க்கற?" என்றார் நூலகர். "காத்து வருதான்னு பார்த்தேன்" என்றாள். அவர் மேலே எதுவும் கேட்காமல் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மனுஷன் உட்காராத நாற்காலி இத்தனை பெரிதாகத் தெரியுமா என்ன? அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தின் அடியில் பார்த்தால் ஏக்கம்தான் இருந்தது. வந்துவிடேன்... சண்டை போடவாவது வந்துவிடேன்...

ஒருநாள் பொறுக்காமல் கடைசி அட்டையின் படத்தைத் திரையில் திறந்து பெரிதாக்கினாள். 'நலமறிய ஆவல்', 'சொல்லவும்', 'பார்த்துக்கொள்' என்று எல்லா அட்டையிலும் சுத்தமான கடிதத் தமிழ் எழுதிய மனிதர். ஓரிடத்தில்கூட வழுக்கவில்லை. கடைசிச் சொல்லில் மட்டும் 'வரேன்'. அவள் அதை எடுத்துவிட்டு 'வருகிறேன்' போட்டுப் பார்த்தாள். 'வருவேன்' போட்டுப் பார்த்தாள். எல்லாம் இலக்கணப்படி சரி. எதுவும் அந்த இடத்தில் ஒட்டவில்லை.

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. அந்த இடத்தில் மட்டும் அவர் எழுதவில்லை... பேசியிருக்கிறார். தபால்காரர், ஆபீசர், அப்பா எல்லோரையும் தாண்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் நேராக வாயைத் திறந்து பேசியிருக்கிறார். அந்த வாயைத்தான் இவள் பொத்திவிட்டாள்.

மறுநாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றாள். பெரியம்மாதான் கதவைத் திறந்தார்.

"வா, உள்ள வா. ஒற்று நீதானே? அவன் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளிச்சுப்போச்சு. அவன் இல்ல, கப்பல் ஆபீசுக்குப் போயிருக்கான். நாளைக்குக் கிளம்பறான்."

நாளைக்கு. ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னாள். "மன்னிச்சிடுங்க பெரியம்மா. நான் பிழை பண்ணிட்டேன்." பிறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.

பெரியம்மா துண்டை எடுத்துக் கொடுத்தார். "முதல்ல தலையைத் துடை. அது எந்த வரேன்னு தெரியாம நான் உக்காந்திருக்கேன்னு நினைச்சியா? அவன் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கான், பைத்தியக்காரப் பையன். தந்தி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்மா, இனிமே வரமாட்டார்னு."

"அப்புறம் ஏன்...?"

பெரியம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவர் பட்டாளத்துக்குக் கிளம்பின அன்னிக்கு இந்த வாசல் நிறைய ஜனம். 'வரேன்'னார். எல்லாரும் 'போய்ட்டு வா, போய்ட்டு வா'ன்னாங்க. நான் எங்க வீட்டுக் கதவுக்குப் பின்னால நிக்கறேன். என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை 'வரேன்'னார். நான் ஒரு எழுத்து சொல்லணும். 'வா'ன்னு ஒரே ஒரு எழுத்து. பெரியவங்க நிக்கறாங்களே, இன்னும் கல்யாணம் ஆகலையே, 'வா'ன்னு சொல்லலாமா, 'வாங்க'ன்னு சொல்லணுமா... இதை யோசிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

வெளியே மழை ஓட்டுச் சாய்விலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"கடைசி கார்டுல திரும்பவும் அதையேதான் கேட்டிருக்கார். பூனையிடம் சொல்லவும், வரேன். பதில் கேக்கறார்னு எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? பதில் போடறதுக்குள்ள விலாசம் இல்லாமப் போச்சு. நான் அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்கலம்மா. அவருக்குச் சொல்ல வேண்டியது என்கிட்டயே தங்கிப்போச்சு. அதை வச்சுக்கிட்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் போக எனக்குப் பிடிக்கல. அதனாலதான் இவன் கிளம்பறப்ப எல்லாம் சத்தமா சொல்லிடறேன். மிச்சம் வைக்கக் கூடாது பாரு."

பெரியம்மா அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார்.

"திரும்ப மாட்டு. எல்லாரும் படிக்கட்டும், எனக்கு ஒண்ணும் வெட்கம் இல்ல இப்ப. ஆனா அவர் பேச்சை அவரே பேசட்டும்."

"உங்க பையன்கிட்ட நான் என்ன..."

"எனக்காக நீ அவன்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம். உனக்காகப் பேசணும்னா நாளைக்குச் சாயங்காலம் துறைமுக கேட்டுக்குப் போ. நான் அங்க வரமாட்டேன். என் பங்கை வாசல்லயே சொல்லி அனுப்பிடுவேன்."

மறுநாள் சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. துறைமுகக் கதவருகே லாரிகள் வரிசை, காவலாளி கூண்டு, விளக்குக் கம்பத்தடியில் ஒரு பெரிய பை. பைக்குப் பக்கத்தில் அவன். அதே வெள்ளைச் சட்டை. மார்பில் அந்தக் கோடு, மேலே அந்தப் புள்ளி... துவைத்தும் போகவில்லையா, துவைக்கவே இல்லையா?

அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் விளக்கு எரிந்தது. உடனே அதை அணைத்துக்கொண்டான்.

"மழைல எதுக்கு வந்தீங்க?"

"பிழை திருத்த."

"யாரோட பிழை?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு என்னோடது. காலைலயே திருத்திட்டேன். 'வரேன்'னே மாட்டியாச்சு. அச்சு விதியை நூலகர் ஒரு நாளைக்குத் தள்ளி வச்சுட்டார்."

"பெரியம்மா சொன்னாங்க. மத்தியானம் போய்ப் பார்த்துட்டு வந்தாங்களாம்." அவன் தலையைக் குனிந்தான். "இன்னொண்ணு?"

"உங்களோடது. அன்னிக்கு வாசல்ல நின்னு 'போறேன்'னீங்க. யாராவது அப்படிச் சொல்லிட்டுக் கிளம்புவாங்களா? அதுவும் கடல்ல வேலை பார்க்கறவங்க..." குரல் உடைந்துவிட்டது. உடையக் கூடாது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தது வீணாயிற்று. "எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

அவன் ஓரடி கிட்டே வந்தான். "கோபத்துல வந்துடுச்சு. சொன்ன உடனே திரும்பி ஓடி வந்து எடுத்துக்கலாம்னு இருந்துச்சு. வரல. ஏன்னா... வருஷத்துல பாதி நான் தண்ணியில இருக்கறவன். வாசலைப் பார்த்து ஒருத்தர் உக்காந்திருக்கறதைப் பார்த்தே வளர்ந்தவன். இன்னொருத்தரை அப்படி உக்கார வைக்க எனக்குத் தைரியம் இல்ல. இந்தச் சண்டையே சாக்கா ஒண்ணும் சொல்லாம கிளம்பிடலாம்னு நினைச்சேன்."

"காத்திருக்கறது கஷ்டம் இல்லயாம்" என்றாள். "சொல்லாம விட்டதுதான் கஷ்டமாம். பெரியம்மாவே சொன்னாங்க. நீங்க கேட்டதே இல்லயே அவங்ககிட்ட?"

தூறல் அவன் இமைமேல் விழுந்து நின்றது, முதல்நாள் மாதிரியே. பிறகு சொன்னான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. முக்காலில இருந்து விழுந்த அன்னிக்கே."

"நான் விழல. கைப்பிடிய பிடிச்சுக்கிட்டேன்."

"நான் விழுந்ததைச் சொன்னேன்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "மொத்தக் கார்டும் ஒரு மத்தியானத்து வேலை" என்றாள். "முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"தெரியும். நூலகர் அன்னிக்கே என் காதுல சொல்லிட்டார்."

உள்ளேயிருந்து சங்கு ஊதிற்று. காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அவன் பையைத் தோளில் மாட்டினான்.

"போய்ச் சேர்ந்ததும் கார்டு போடுவேன்."

"நூலக விலாசத்துக்கா? நூலகர் நடுக்கூடத்துல நின்னு உரக்கப் படிப்பார்."

"படிக்கட்டும். ஒற்று ஒழுங்கா சாப்பிடுதான்னு கேட்டு எழுதறேன். யாருக்குப் புரியப் போகுது?"

"ஊருக்கே புரியும்."

"அப்ப மற்றவை நேரில்" என்றான். சிரித்தான். இரண்டடி நடந்து, கதவின் வாசலில் நின்று, முழுதாகத் திரும்பி அவளைப் பார்த்தான். இப்போது சிரிப்பு இல்லை. "வரேன்."

எந்த வரேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. நாக்கு நுனியில் வழக்கமான 'வாங்க' வந்து நின்றது. லாரிக்காரர்கள் பார்க்கிறார்கள். காவலாளி பார்க்கிறார். இன்னும் யார் வீட்டிலும் பேசவில்லை, ஒன்றும் ஆகவில்லை, எப்படிச் சொல்வது... ஒரு கதவுக்குப் பின்னால் நின்ற பெண் அவள் நினைவுக்கு வந்தாள்.

அவள் யோசிப்பதை நிறுத்தினாள். மழையையும் லாரிகளையும் மீறி, துறைமுகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, அந்த ஒரே ஓர் எழுத்தைச் சொன்னாள்.

"வா."